ஓடு ஒன்று, நத்தை பல

கால்நடை: கேள்வி - பதில்

கேள்வி: "எங்கள் பசு ஆறு மாதமாக மூச்சு விடும்போது குறட்டை விடுகிறது. மூக்கிலிருந்து சளி ஒழுகுகிறது, சில நாள் இரத்தமும் கலந்து வருகிறது. பால் பாதியாகிவிட்டது. குளத்து நத்தையால் வரும் நோய் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். ஊர்க்காரர்கள் சேர்ந்து குளத்தில் இருந்த பெரிய, கறுத்த நத்தைகளைப் பொறுக்கி எரித்தோம். சின்னதாக, வெளுப்பாக இருந்தவை வேறு சாதி என்று விட்டுவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டு உழவு மாட்டுக்கும் குறட்டை வந்துவிட்டது. நாங்கள் தப்பான நத்தையைப் பிடித்துவிட்டோமா?"
(காவிரி டெல்டாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நத்தையைப் பிடித்தது தப்பில்லை. ஓட்டின் நிறத்தையும் அளவையும் பார்த்து "இது கெட்டது, இது நல்லது" என்று பிரித்ததுதான் தப்பு. விட்டுவைத்த சின்ன வெளுத்த நத்தைகள், எரித்த பெரிய கறுத்த நத்தைகளின் குஞ்சுகளாகவே இருக்கலாம்.

முதலில் நோயைப் பார்ப்போம். மாட்டின் மூக்குச் சவ்வில் உள்ள இரத்தக் குழாய்களுக்குள் ஒரு புழு குடியிருக்கிறது. இரத்தத் தட்டைப்புழு வகையைச் சேர்ந்த அதன் பெயர் சிஸ்டோசோமா நேசேல். சென்னை மாகாணத்து மாடுகளில் இந்த நோயை ஆராய்ந்து, புழுவை விவரித்து, 1933-ல் அதற்குப் பெயர் வைத்தவர் எம்.ஏ.என். ராவ். ஆக, இது நம் பக்கத்து மாடுகளிடமிருந்தே உலகத்துக்குத் தெரியவந்த நோய். புழு இடும் முட்டைகள் மூக்குச் சவ்வைக் கிழித்துக்கொண்டு சளியோடு வெளியே வரும். அந்தப் புண் ஆறாமல் தடித்து, காலிஃபிளவர் பூவைப் போன்ற சதை வளர்ச்சியாகி மூச்சுப் பாதையை அடைக்கும். குறட்டைச் சத்தம் அதனால்தான்.

மாடு குளத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும்போது மூக்குச் சளி நீரில் விழுகிறது. சளியில் உள்ள முட்டை பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு ஒன்று நீந்தத் தொடங்குகிறது. அது சில மணி நேரத்துக்குள் தனக்கு ஏற்ற நத்தையைக் கண்டுபிடித்து அதன் உடலுக்குள் நுழைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். நத்தைக்குள் போன ஒற்றைக் குஞ்சுப்புழு பல வாரங்களில் ஆயிரக்கணக்கான வால்புழுக்களாகப் பெருகும். வால் நுனி இரண்டாகப் பிளந்த இந்த வால்புழுக்கள் நத்தையை விட்டு வெளியேறி, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு இரத்த ஓட்டத்தோடு மூக்குக்கு வந்து சேரும். ஒரு மாட்டிடமிருந்து இன்னொரு மாட்டுக்கு நேராக இது தொற்றாது. நடுவில் நத்தை இருந்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டு மாட்டுக்கு வந்திருக்கிறது என்றால், இரண்டு மாடுகளும் ஒரே துறையில் இறங்கியிருக்கின்றன என்று பொருள். பால் குடிப்பவர்களுக்கும் இதனால் எதுவும் வராது.

அந்த "ஏற்ற நத்தை" எது? இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ் என்பது அதன் பெயர். தட்டையாகச் சுருண்ட முறுக்கைப் போல, அல்லது கிடாக்கொம்பைப் போல இருக்கும். நன்றாக வளர்ந்தால் குறுக்களவு 2 சென்டிமீட்டர் வரை வரும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் உடல் சிவப்புச் சாயலாகத் தெரியும்; காற்றோட்டம் குறைந்த சேற்றுக் குட்டையிலும் இது பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதே நத்தைதான் குடல் பக்கத்து இரத்தக் குழாய்களில் வாழும் சிஸ்டோசோமா ஸ்பிண்டேல் என்ற இன்னொரு புழுவையும் பரப்புகிறது. லிஸ்டனும் சோபர்கரும் அதை 1918-லேயே எழுதிவிட்டார்கள். இரைப்பைத் தட்டைப்புழுக்கள் சிலவும் இதற்குள்தான் வளர்கின்றன.

இந்த அளவுக்குப் பிரித்துப் பார்க்க ஓடு கட்டாயம் உதவும். குளத்து நத்தையைக் கையில் எடுத்ததும் (உறை போட்ட கையில்தான்) அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது வாயை ஒரு கெட்டியான மூடி அடைத்துக்கொண்டால், அது ஆப்பிள் நத்தை போன்ற மூடி நத்தை. சமைத்துச் சாப்பிடும் பெரிய நத்தை இந்த வகைதான். மாட்டுக்குக் குறட்டை நோய் கொடுப்பது இது அல்ல. மூடி இல்லாமல் சதை அப்படியே உள்ளே சுருங்கினால் அது அவ்வப்போது மேலே வந்து காற்றை இழுக்கும் வகை. அதிலும் கூரான கோபுரம் போல நீண்டிருந்தால் லிம்னேயா. கல்லீரல் தட்டைப்புழுவைப் பரப்பும் குடும்பம் அது. தட்டை முறுக்காக இருந்தால் மேலே சொன்ன நத்தை.

அதற்கு மேல் ஓட்டை நம்பினால் ஏமாற்றம்தான். ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளை இரண்டு குட்டைகளில் விட்டாலே ஓடு வேறு வேறு மாதிரி வளரும். ஓடு சுண்ணாம்பால் ஆனது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஓடு தடிக்கும். இல்லாவிட்டால் மெலிந்து, நகத்தால் அழுத்தினாலே நொறுங்கும். புளிப்பேறிய தண்ணீரில் ஓட்டின் பழைய சுற்றுகள் அரித்துப் போயிருக்கும். நத்தைகள் நெருக்கமாகப் பெருகிய குட்டையில் எல்லாமே குட்டையாக நின்றுவிடும். நிறத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஓட்டின் மேல் படிந்த பாசியும் சேறும்தான் பெரும்பாலும் அந்தக் கறுப்பு. ஒரு கறுத்த ஓட்டைத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள், அடியில் வைக்கோல் நிறமோ பழுப்போ தெரியும். பழைய நத்தைக்குப் பாசி அதிகம், இளம் நத்தைக்குக் குறைவு. ஊரார் "வேறு சாதி" என்று பிரித்தது இந்த வயது வித்தியாசமாகவே இருக்கக்கூடும். குஞ்சுப்புழு எளிதாக உள்ளே நுழைவது இளம் நத்தைக்குள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஓட்டுக் குழப்பத்தில் விழுந்தது டெல்டாக் கிராமம் மட்டுமல்ல. லிம்னேயா குடும்ப நத்தைகளுக்கு ஓட்டின் வடிவத்தை வைத்தே உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள் வைத்திருந்தார்கள். ஓடு கொஞ்சம் நீண்டால் ஒரு பெயர், வாய் கொஞ்சம் விரிந்தால் இன்னொரு பெயர். சுவீடன் நாட்டு ஹூபெண்டிக் 1951-ல் நத்தைகளின் உள்ளுறுப்புகளையும் அறுத்துப் பார்த்து, இவற்றில் உண்மையான இனங்கள் சுமார் 40தான் என்று சுருக்கினார். மற்றதெல்லாம் தண்ணீரும் தீனியும் செய்த வேடம்.

தட்டை முறுக்கு நத்தையின் கதை இதற்கு நேர் எதிர். 1830-களில் பெயர் பெற்ற அந்த நத்தையை இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை ஒரே இனம் என்றே வைத்திருந்தார்கள். அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான் என்றும் சொன்னார்கள். ஓட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிறகு நத்தையின் காலிலிருந்து துளிச் சதையை எடுத்து மரபணுவைப் படிக்கும் வசதி வந்தது. ஆசியாவின் பல இடங்களில் சேகரித்த நத்தைகளைப் பற்றி 2010-ல் வெளியான ஆய்வு, இது ஒரே இனம் அல்ல, ஒரே மாதிரி ஓடு போட்ட பல இனங்களின் கூட்டமாக இருக்க வேண்டும் என்றது. 2015-ல் நேபாளத்துத் தராய் சமவெளி நத்தைகளைப் பற்றி வந்த ஆய்வும் அதையே காட்டியது. நத்தைகள் பல மரபுக்கிளைகளாகப் பிரிந்திருந்தன. அவற்றுக்குள் இருந்த மாட்டுப் புழுக்களிலும் அதுவரை அறியாத ஒரு வகை சேர்ந்திருந்தது. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, இந்த நத்தை தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்குப் பரவியது அண்மைக் காலத்தில்தான் என்று மரபணுவை வைத்துக் காட்டியது. நத்தை தானாகக் கடலைத் தாண்டாது. நீர்ச்செடியிலோ மீன் குஞ்சு நீரிலோ ஒட்டிக்கொண்டு மனிதர் கையால்தான் இப்படிப்பட்ட பயணங்கள் நடக்கின்றன. இந்த நத்தை இருபால் உயிர். துணை இல்லாமல் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளவும் முடியும். ஒற்றை நத்தை ஒரு குட்டைக்குள் விழுந்தால்கூட அங்கே ஒரு குடும்பம் உருவாகிவிடும்.

மரபணு வேறானால் மாட்டுக்கு என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. புழுவுக்கு எல்லா நத்தையும் ஒன்றல்ல. இதை முதலில் தெளிவாகக் காட்டியது மனிதர்களைத் தாக்கும் இதே குடும்பப் புழுவில். தென் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் அந்த நோயைப் பரப்பும் நத்தைக்கு இப்போதைய பெயர் பயோம்ஃபலேரியா. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் நியூட்டன் அந்த நத்தையில் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒரு வகையையும் பிரேசிலிலிருந்து ஒரு வகையையும் வைத்துச் சோதித்தார். பார்க்க இரண்டும் ஒரே இனம். ஒன்றில் புழு செழித்து வளர்ந்தது. மற்றதில் நத்தையின் இரத்த அணுக்கள் புழுவைச் சூழ்ந்து அடைத்துக் கொன்றுவிட்டன. இரண்டையும் கலப்பினம் செய்து பார்த்தபோது, புழுவை ஏற்பதும் எதிர்ப்பதும் தாய் தகப்பனிடமிருந்து குஞ்சுக்கு இறங்கும் குணம் என்று 1953-ல் வெளியிட்டார். நெல்லில் ஒரு ரகம் குலைநோய்க்குத் தாங்கும், இன்னொன்று தாங்காது அல்லவா, அதைப் போலத்தான். பதரும் மணியும் கதிரைப் பார்த்தால் தெரியும். குலைநோய் தாங்கும் குணம் கதிரைப் பார்த்தால் தெரியாது.

எனவே ஒரே குளத்தில், ஒரே மாதிரி ஓடு போட்ட இரண்டு நத்தைகளில் ஒன்று புழுவை வளர்க்கலாம், மற்றது கொல்லலாம். ஓடு வேறு மாதிரி இருக்கும் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். பொறுக்குகிறவர் கண்ணுக்கு இது அகப்படாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஓட்டைப் பார்ப்பதைவிட இது உருப்படியானது. ரப்பர் உறை போட்டுக்கொண்டு, மாடு இறங்கும் துறையிலிருந்து இருபது முப்பது முறுக்கு நத்தைகளைப் பெரிதும் சிறிதுமாக எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில், தெளிந்த கிணற்று நீரில் விடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. இதமான வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, குப்பிக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்த்தால், புழு உள்ள நத்தையின் குப்பியில் தூசி போல வெள்ளைப் புள்ளிகள் அசைவது தெரியும். அந்தக் குப்பியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுண்ணோக்கியில் பிளந்த வால் தெரிந்தால் இரத்தத் தட்டைப்புழுக் குடும்பம். அது மாட்டுக்கு உரியதா, பறவைக்கு உரியதா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வால் பிளக்காத வேறு புழுக்களும் நத்தையிலிருந்து வரும். ஒரு நாள் எதுவும் வரவில்லை என்பதால் குளம் சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். நத்தைக்குள் இன்னும் முற்றாத புழு இருக்கலாம். அந்தத் தண்ணீர் வெறுங்கையில் படக்கூடாது. வேலை முடிந்ததும் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. குறட்டை விடும் மாட்டின் மூக்குச் சளியைச் சிறு புட்டியில் எடுத்து மருத்துவரிடம் கொடுத்தால், வளைந்த பூமராங் வடிவ முட்டையை வைத்து நோயை உறுதி செய்வார். மூக்கில் அட்டை புகுந்திருந்தாலும் இரத்தம் வரும், பூஞ்சை போன்ற வேறு நோயிலும் சதை வளரும். அதனால் இந்தச் சோதனை அவசியம். நோய் உறுதியானால் வாரக் கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கும். ஆண்டிமனி கலந்த மருந்து அது, அளவு தவறினால் மாட்டுக்கே ஆபத்து. மருந்துக் கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்வது கூடாது.

பலரும் மறப்பது எருமையை. எருமைக்குப் பெரும்பாலும் குறட்டையும் இருக்காது, சதை வளர்ச்சியும் தெரியாது. ஆனால் சளியில் முட்டை போய்க்கொண்டே இருக்கும். பசுவுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து, நாளெல்லாம் குளத்தில் கிடக்கும் எருமையைச் சோதிக்காமல் விட்டால் நோய் ஆறே மாதத்தில் திரும்பி வரும். ஊரில் உள்ள எல்லா மாடு எருமைகளின் சளியையும் ஒரே சமயத்தில் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நத்தையை எரிக்க ஒன்று கூடிய ஊர் இதற்கும் கூடலாம்.

அதைவிட முக்கியம் தண்ணீர்த் தொட்டி. இந்தப் புழுவின் முட்டை சாணத்தில் போவதில்லை, மூக்கிலிருந்து விழுகிறது. சாணத்தை அள்ளி எருக்குழியில் மட்கவைப்பது மற்றப் புழுக்களுக்கு நல்ல வேலைதான், குறட்டை நோய்க்கு அது போதாது. மாடு குளத்தில் இறங்காமல், ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ அடிகுழாயிலிருந்தோ தொட்டியில் தண்ணீர் காட்டினால் சளி குளத்தில் விழாது, வால்புழு தோலைத் தொடாது. இரண்டு வழியும் ஒரே தொட்டியில் அடைபடும். குளத்து நீரையே இறைத்துக் காட்ட வேண்டிய நிலை என்றால், நத்தை நுழையாதபடி துணியில் வடிகட்டி, இரண்டு நாள் தேக்கிவைத்துக் கொடுங்கள். நத்தைக்கு வெளியே வால்புழு அதற்கு மேல் தாங்காது. தொட்டி கட்டும் செலவு பெரிதாகத் தோன்றும். பால் பாதியான பசுவின் ஆறு மாத இழப்போடு வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

நத்தையைக் குறைக்க விரும்பினால் துறையை ஒட்டிய ஆகாயத்தாமரை, பாசி, அழுகல் தழைகளை வாரி வெளியே காயப் போடுங்கள். இலைகளின் அடிப்பக்கத்தில் கூழ் போல ஒட்டியிருப்பவை நத்தை முட்டைகள், அவையும் காய்ந்துவிடும். வேலை செய்பவர்கள் கால் உறையும் கை உறையும் போட்டுக்கொள்ள வேண்டும். பொறுக்குவதானால் முறுக்கு வடிவத்தில் பெரியது சிறியது, கறுப்பு வெளுப்பு எதையும் விட வேண்டாம். கோடையில் குளம் வற்றினால் நத்தை ஒழிந்தது என்றும் எண்ண வேண்டாம். ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து முதல் மழைக்கு எழுந்து வரும். மயில்துத்தம் கரைத்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சேறு அதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும், மீன் செத்து மிதக்கும், மிஞ்சிய நத்தை மறுபடி பெருகும். ஊர்ப் பொதுக் குளத்தில் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: "நாற்று நடும் பெண்களுக்குக் காலில் கடுமையான அரிப்பும் சிவப்புப் புள்ளிகளும் வருகின்றன. அதுவும் இந்தப் புழுவா? எங்களுக்கும் மூக்கில் வருமா?"

பதில்: இதுவாக இருக்கலாம். உரம், பூச்சிமருந்து ஆகியவற்றாலும் அரிப்பு வரும். ஆனால் தண்ணீரில் நின்ற இடத்தில் மட்டும், சில மணி நேரத்தில் கொசுக்கடி போலத் தடித்தால் வால்புழுவைச் சந்தேகிக்கலாம். அசாமில் வயலில் இறங்குவோருக்கு வரும் இத்தகைய அரிப்புக்கு, மாட்டுப் புழுவான சிஸ்டோசோமா ஸ்பிண்டேல் காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். மாட்டின் தோல் என்று எண்ணி மனிதத் தோலுக்குள் நுழையும் புழு அங்கேயே செத்துப்போகும். அரிப்பு அந்தச் சாவின் விளைவு. மூக்குக்குப் போகாது, உள்ளே குடும்பம் நடத்தாது. சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் ஒரு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வயலை விட்டு ஏறியதும் காலைத் துணியால் அழுத்தித் துடைப்பது நல்லது. ஈரம் தானாகக் காயும் வரை விட்டால் புழுவுக்கு நேரம் கொடுத்ததாகும்.

கேள்வி: "குளத்தில் வாத்து விட்டால் நத்தை ஒழியுமா?"

பதில்: குறையும், ஒழியாது. வாத்து சின்ன நத்தைகளை விரும்பித் தின்னும். குறுவை அறுத்த வயல்களில் வாத்து மேய்ப்பது இந்த வகையில் நல்ல பழக்கமே. ஆனால் வாத்துக்கென்று தனி இரத்தத் தட்டைப்புழுக்கள் இருக்கின்றன. அவையும் நத்தைக்குள்தான் வளரும். அவற்றின் வால்புழுவும் மனிதர் காலில் அரிப்பைத் தரும். எனவே வாத்து மேயும் குட்டையில் குழந்தைகளைக் குளிக்க விட வேண்டாம். மாட்டுக்குத் தொட்டி கட்டிய பிறகு வாத்தை விடுங்கள். தொட்டிக்குப் பதிலாக வாத்து என்பது ஆகாது.